எங்கள் வீட்டுப் பிரசவமும் ஒத்திகையரும்

தன்னுடைய சாவைத் தவிர, ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் நீர்வேலியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். சாவுக்கும் பார்த்திருப்பார். பாடையில் படுக்க அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். காவிக்கொண்டு போக எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், நாலு பேர் சம்மதிக்கவில்லை.

தாய் தகப்பன் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது. பெரியவர்களுக்கு அவர் ஒத்திகையர், சின்னஞ்சிறுசுகளுக்கு ஒத்திகை மாமா. காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நெருப்புப் பிடித்தால் தொழிலாளர்கள் எப்படி வெளியேற வேண்டும் என்று பழக்குவதுதான் அவருடைய உத்தியோகம். மாதம் ஒருமுறை மணி அடிப்பார். எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வரிசையாக வெளியே வந்து வெயிலில் நிற்க வேண்டும். அவர் தலைகளை எண்ணிவிட்டுத் திரும்ப உள்ளே அனுப்புவார். அவர் இருந்த காலம் முழுவதும் அங்கே ஒரு பீடி அளவுக்குக்கூட நெருப்புப் பிடிக்கவில்லை. அது தன்னுடைய ஒத்திகையின் பலன்தான் என்பது அவருடைய கட்சி. தொண்ணூறில் சண்டை மூண்டு அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி ஓடியபோது அவரும் ஒரு சைக்கிளும் ஒரு பையுமாக எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தார். அந்த ஓட்டத்துக்கு மட்டும் ஒத்திகை பார்க்காமல் விட்டுவிட்டோமே என்ற கவலை அவரை விட்டுப் போகவேயில்லை.

கலியாணம் கட்டாத மனிதர். பக்கத்து வீட்டின் முன்னறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். எங்களிடம் கொஞ்சம் உப்பு வாங்க வேண்டுமென்றாலும் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிப் பார்ப்பார். "தங்கச்சி, கொஞ்சம் உப்புக் கிடைக்குமோ?" என்று ஒருமுறை. குரல் கூடிவிட்டதென்று கொஞ்சம் குறைத்து இன்னொருமுறை. பிறகு 'தங்கச்சி'யை முன்னுக்குச் சொல்வதா பின்னுக்குச் சொல்வதா என்று யோசித்து மூன்றாம் முறை. அவர் வேலிப் படலையைத் திறந்து வரும்போது என் மனைவி சாந்தினி உப்பைச் சிரட்டையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். இது அவருக்குப் பெரிய இடைஞ்சல். பழகிவைத்த வசனம் வீணாகிவிடும். உப்பைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகும் அந்த வசனத்தை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போவார்.

அப்படிப்பட்டவருடைய கண்ணில் சாந்தினி பிள்ளைத்தாச்சி என்பது பட்டால் என்ன நடக்கும் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. முந்திய வருடம் ஒரு பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டு ஓடியபோது சாந்தினி கிணற்றடியில் விழுந்தாள். அதனால்தானா, வேறு காரணமா என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. இந்தமுறை வீட்டில் பிள்ளை என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை. என் மாமி, அதாவது சாந்தினியின் தாய், மகளைத் தண்ணீர்ச் செம்புகூடத் தூக்க விடவில்லை. நான் அவளை இரும விடவில்லை. சாந்தினி தானாக ஒன்றும் சொல்லாமல், விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருப்பாள். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இலேசில் கிடைக்காத காலம். ஆனாலும் ஒரு துண்டுத் துணிகூட நாங்கள் தேடிவைக்காததற்கு அது காரணமில்லை. தேடி வைக்கப் பயம்.

நான் வாழைக்குலைச் சங்கத்தில் கிளாக்கர். ஒருநாள் வேலைக்குப் போகுமுன் நானே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பதை ஒத்திகையர் கண்டுவிட்டார். அன்று பின்னேரம் வேலிக்கு அப்பால் கனநேரம் முணுமுணுப்புக் கேட்டது. பிறகு படலை திறந்தது.

"தம்பி, எனக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் தெரிஞ்சிட்டுது. உங்கடை பங்கருக்குள்ளை தங்கச்சி எட்டாம் மாசத்திலை இறங்குவாவோ?"

அந்த நாளில் குண்டுவீச்சுக்கு ஒளிய வளவுக்கு ஒரு பங்கர், பதுங்குகுழி, இருந்தது. எங்களுடையது முன்புறம் சரிந்து இறங்கி, பிறகு முழங்கைபோல மடங்கி உள்ளே போகும். பனங்குற்றிகள் அடுக்கி மேலே மண்மூட்டை போட்டது. தாராளமாக இறங்கலாம் என்று சொன்னேன். உண்மையில் அதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. அவர் ஒரு தலகணியும் ஒரு பழைய சீலையும் கேட்டார். எதற்கு என்று விளங்குவதற்கு முன்னரே தலகணியைத் தன் வயிற்றில் வைத்துச் சீலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையால் சுவரைத் தடவித் தடவிப் பங்கருக்குள் இறங்கினார். அந்த நடையைப் பார்த்த மாமி தலையைத் திருப்பிக்கொண்டா. எட்டு மாதத்துக்கு அது சரியான நடை என்பதுதான் மாமிக்குக் கோபம்.

மடங்குகிற இடத்தில் அவர் இறுகிப்போனார். முன்னுக்குப் போகவும் ஏலாது, பின்னுக்கு வரவும் ஏலாது. உள்ளேயிருந்து அவருடைய குரல் நிதானமாக வந்தது.

"தம்பி, நான் சொன்னனான் எல்லோ."

சரியாக அந்த நேரத்தில் பொம்பர் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் வெளியில் நிற்கிறோம். வளவில் இருக்கிற ஒரே பங்கரின் வாசலை ஒத்திகையர் தலகணியோடு அடைத்துக்கொண்டு இருக்கிறார். நான் சாந்தினியைச் சுவரோடு சாய்த்து முன்னால் நின்றுகொண்டேன். மாமி தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டா. அந்தச் சத்தம் எங்கள் தலைக்கு மேலால் யாழ்ப்பாணப் பக்கம் போய், தூரத்தில் இரண்டு அதிர்வுகள் கேட்கும்வரை யாரும் மூச்சுவிடவில்லை. பங்கருக்குள்ளிருந்து மட்டும், எல்லோரும் குனிந்து இருங்கோ, வாயைத் திறந்து வைத்திருங்கோ என்று கட்டளைகள் வந்துகொண்டேயிருந்தன.

சத்தம் ஓய்ந்த பிறகு நான் அவருடைய இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். தலகணி கிழிந்து, தலை முதல் கால் வரை இலவம்பஞ்சோடு வெளியே வந்தார். மீசையிலும் பஞ்சு. சாந்தினி அவரைப் பார்த்தாள். முதலில் உதடுதான் துடித்தது. பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கிணற்றடியில் விழுந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்தநாள் விடிய அவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். பங்கர் வாசலைத் தனியாளாக அகட்டினார். மடிப்பைச் செதுக்கி வளைவாக்கினார். கால் உயர்த்தாமல் இறங்கும்படி படிகளைத் தணிவாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பலகைத் துண்டு பதித்தார். அதற்குப் பிறகு பலமுறை சாந்தினி அந்தப் படிகளில் இறங்கினாள். ஒருமுறைகூடக் கால் தடுமாறவில்லை.

பங்கர் முடிந்ததும் ஆஸ்பத்திரிப் பயணம் தொடங்கியது. ஒழுங்கை முகப்பில் ஒருவரிடம் பழைய ஒஸ்ரின் கார் ஒன்று இருந்தது. பெற்றோல் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓடும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு. ஒத்திகையர் அதை ஒழுங்குபண்ணி, பின் ஆசனத்தில் தானே படுத்து, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனார். சும்மா போனால் ஒத்திகை ஆகாது என்று வழிநெடுக முனகிக்கொண்டு போயிருக்கிறார். அந்த முனகலை நம்பி இரண்டு இடத்தில் சனம் கார் கதவைத் திறந்து சோடா நீட்டியதாம். பிரசவ விடுதி வாசலில் நின்ற தாதி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எத்தனையாம் மாதம் என்று கேட்டிருக்கிறா. ஒத்திகையர் யோசிக்காமல், எட்டு என்று சொல்லிவிட்டார். இந்த விபரம் அவர் சொல்லித் தெரியவரவில்லை. கார்க்காரர் ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கார் கிடைக்காவிட்டால் சைக்கிள். சைக்கிள் கரியரில் மெத்தை வைத்துக் கட்டிப் பார்த்தார். கோப்பாய்ப் பக்கம் இருந்த மருத்துவிச்சி அம்மாவின் வீட்டுக்கு எந்தக் குறுக்கு ஒழுங்கையால் போனால் கெதி என்று ஒவ்வொன்றாக ஓடிப் பார்த்தார். மருத்துவிச்சி அம்மா ஒவ்வொருமுறையும் பையைத் தூக்கிக்கொண்டு பதறி வெளியே வருவாவாம். இவர், ஒன்றுமில்லை அம்மா, சும்மா ஒத்திகை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

மாமிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. நடக்கப்போகிற நல்ல காரியத்தை இப்படி முன்கூட்டியே நடித்துக் காட்டினால் அது நடக்காமல் போய்விடும் என்பது அவவின் பயம். போன வருடம் ஒருக்கால் பட்டது போதாதா என்று என்னிடம் அழுதா. ஒரு பின்னேரம் படலையடியிலேயே அவரை மறித்து, இனி இந்த வளவுக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டா. ஒத்திகையருக்கு அதற்குச் சொல்ல வசனம் எதுவும் பழகியிருக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் படலைக்கு வெளியே வந்து நிற்பார். நான் கையால், எல்லாம் சரி என்று காட்டுவேன். போய்விடுவார்.

நாள் வர இன்னும் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சாந்தினி கோப்பையை மெதுவாக நிலத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இது வேறை மாதிரிக் கிடக்கு."

நான் கொடியில் கிடந்த சேட்டை உட்புறம் வெளியாகப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினேன். கார் சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தது. சைக்கிளில் இருக்கிற நிலையில் சாந்தினி இல்லை. றோட்டில் வாழையிலைக் கட்டுகளோடு ஒரு லாண்ட்மாஸ்ரர், பின்னால் பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரம், வந்தது. கையைக் குறுக்கே நீட்டி அதை மறித்து, வீட்டு வாசலுக்குத் திருப்பினேன். பெட்டியில் இலைகளைப் பரப்பி, மேலே சாக்கும் பாயும் போட்டு, சாந்தினியைத் தூக்கி வைத்தோம். மாமியும் ஏறினா. அப்போதுதான் படலையடியில் ஒத்திகையர் நிற்பதைக் கண்டேன்.

அவருடைய முகத்தில் இரத்தமில்லை.

"தம்பி, இது மெய்யோ?"

"ஓம் அண்ணை. மெய்தான்."

அவர் வேலியில் நட்டிருந்த கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இத்தனை காலமும் பழகிய மனிதர். மணி அடித்தால் எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர். உண்மையான நெருப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். எனக்கு அவரில் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. லாண்ட்மாஸ்ரரை எடுக்கச் சொன்னேன்.

மாமிதான் பெட்டியிலிருந்து ஒத்திகையரை எட்டிப் பார்த்தா. மகளைப் பெற்ற அனுபவத்தில், ஆஸ்பத்திரிவரைக்கும் இது தாங்காது என்று அவவுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, இஞ்சை பாருங்கோ. இது மெய்யில்லை. ஒத்திகை எண்டு நினையுங்கோ. நாங்கள் றோட்டாலை வாறம். நீங்கள் குறுக்காலை போய் மருத்துவிச்சி அம்மாவை ஏத்திக்கொண்டு எதிர்ப்பக்கமா வாங்கோ. சும்மா ஒரு ஒத்திகை. எழும்புங்கோ."

அவர் மாமியைப் பார்த்தார். வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டார். எழும்பிச் சைக்கிளை எடுத்தார். அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

வாழைத் தோட்டங்கள் முடிந்து வெளி தொடங்குகிற இடத்துக்குக் கிட்ட வரும்போது இராணுவ ஹெலிகொப்ரர் வந்தது. றோட்டில் வாகனம் கண்டால் ஹெலி சும்மா போகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லாண்ட்மாஸ்ரர்க்காரர் கெட்டிக்காரர். வண்டியைக் கடைசித் தோட்டத்துக்குள் அப்படியே இறக்கி, வாழைகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, தான் வாய்க்காலுக்குள் படுத்துவிட்டார். நாங்கள் படுக்க ஏலாது. சாந்தினி என் சேட்டுக் கொலரைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு மூச்சுத் திணறியது. ஹெலி வட்டமடித்தது. கடல்நீரேரிப் பக்கம் திரும்பிச் சுட்டது. திரும்பவும் வந்து வட்டமடித்தது. மாமி என்னிடம், தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டா. இல்லை. சுத்தமான துணி? வீட்டில் நாங்கள் தேடிவைக்காத துணி.

அந்த நேரத்தில் எதிரே வெளி றோட்டில் ஒரு சைக்கிள் வருவதைக் கண்டேன். முன்னால் ஒத்திகையர், எழும்பி நின்று மிதிக்கிறார். பின்னால் கரியரில் வெள்ளைச் சீலையில் மருத்துவிச்சி அம்மா, பையை நெஞ்சோடு அணைத்தபடி. ஒரு மரம் மட்டை இல்லாத வெளி. மேலே ஹெலி. சனமெல்லாம் நிலத்தோடு நிலமாகப் படுத்துக்கிடக்க, அந்த ஒரு சைக்கிள் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. கிட்ட வந்தபோதுதான் பார்த்தேன், அவர் வாய்விட்டு அழுதுகொண்டே மிதிக்கிறார். பயத்தில் அழுகிறார், ஆனால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

வழிநெடுக அவர், பயப்படாதேங்கோ அம்மா, இது ஒத்திகை, இது ஒத்திகை என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். வழக்கம்போலத்தான் ஆக்கும், ஒத்திகைக்காக என்னை ஹெலிக்குக் கீழே கொண்டுபோகிறானே இந்த விசரன் என்று மருத்துவிச்சி அம்மா குதித்து இறங்கப் பார்த்தாவாம். குதித்தால் கால் முறியும் என்றுதான் இருந்தாவாம். பிற்காலத்தில் அவ இதைச் சொல்லும்போது சிரிப்பா. அன்றைக்குச் சிரிக்கவில்லை. இறங்கின கையோடு என்னையும் ஒத்திகையரையும் அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, பையைத் திறந்தா.

நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வாழைகளுக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தோம். ஹெலியின் சத்தம் தேய்ந்து போய்விட்டது. சாந்தினியின் சத்தமும் ஒரு கட்டத்தில் நின்றது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மருத்துவிச்சி அம்மா எதையோ தட்டுகிற சத்தம். இன்னொரு தட்டு. ஒத்திகையர் என் கையைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்தது பெரிய சத்தம். அதற்கடுத்தது தோட்டமே கேட்கிற சத்தம். வாய்க்காலுக்குள்ளிருந்து லாண்ட்மாஸ்ரர்க்காரர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"பொம்பிளைப்பிள்ளை. தாயும் சுகம்" என்றா மருத்துவிச்சி அம்மா. "ஆரெண்டாலும் ஒரு நல்ல துணி தாங்கோ."

ஒத்திகையர் தன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, தோய்த்து, அவித்து, காயவைத்து, மடித்து வைத்த துணிகள். எப்போது செய்தார், எத்தனை நாளாக மடியில் கொண்டு திரிந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. மாமி அதைக் கைநீட்டி வாங்கினா. வாங்கின கையால் அவருடைய தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனா.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீக்கும் துடக்குக் கழிவு. பிள்ளைக்குத் தலைமயிர் வழிக்கும்போது தாய்மாமன் மடியில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாந்தினியின் ஒரே தமையன் ஜேர்மனியில். பக்கத்து வீட்டில் ஓராள் இருக்கிறார்தானே என்று மாமியே சொல்லிவிட்டா. அதைக் கேட்ட நாள்முதல் வேலிக்கு அப்பால் ஒத்திகையர் மடியில் ஒரு பூசணிக்காயை வைத்து, தலைப்பக்கம் எது கால்பக்கம் எது என்று அடையாளம் போட்டுப் பழகினார். சடங்கன்று பிள்ளை பூசணிக்காய் செய்யாத ஒரு காரியத்தை அவருடைய புது வேட்டியில் செய்தது. அவர் அசையவில்லை. எல்லாம் முடிந்து ஐயர் எழும்பிப் போன பிறகும் அசையவில்லை. இனி எழும்பலாம் அண்ணை என்று சாந்தினி சொன்னாள். பிள்ளை நித்திரை, எழும்பினால் முழித்துவிடும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வேட்டி காயும்வரை அப்படியே இருந்தார்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் பிள்ளையைக் கிடத்தும் ஏணைத் தொட்டிலடிதான் அவருக்கு இடம். தாலாட்டு ஒன்றும் தெரியாது. அன்றைக்குச் சங்கக்கடையில் யார் வந்தார்கள், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே ஏணையை ஆட்டுவார். தொண்ணூற்றைந்தில் குடாநாட்டுச் சனம் முழுவதும் திரும்பவும் எழும்பி நடந்தபோது, மழையில், அந்த நெரிசலில் நாங்கள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனோம். வன்னியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு இல்லை என்றும் கேள்விப்பட்டேன். அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

என் மகள் முதன்முதலாகச் சொன்ன சொல் அம்மா இல்லை. நான் விழுந்து விழுந்து சொல்லிக்கொடுத்த அப்பாவும் இல்லை. ஒரு பின்னேரம் படலை திறந்த சத்தம் கேட்டு, ஏணைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, தெளிவாக, "மாமா" என்றாள். ஒத்திகையர் படலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். என்னை அப்பா என்று கூப்பிட அவளுக்கு மேலும் ஒரு மாதம் பிடித்தது. பொறாமைப்பட்டேனா என்றால், ஓம், பட்டேன். ஆனால் அந்த ஒரு மாதத்தை அவரிடமிருந்து திருப்பி வாங்க எனக்கு இன்றைக்கும் மனமில்லை.